ஓடாத காரிலும் பெல்ட்டுக்கு வயதாகும்

கேள்வி: காரைக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அப்பா 2011-ல் வாங்கிய ஃபோர்டு ஃபிகோ டீசல் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவர் இருந்தபோதே கார் அதிகம் ஓடியதில்லை. இப்போது பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கிறது. வாரம் ஒருமுறை கடைத்தெரு வரை எடுத்துப் போவேன். மீட்டரில் 61,000 கிலோமீட்டர் காட்டுகிறது. அடுத்த மாதம் அப்பாவின் திதிக்கு அம்மாவை இந்தக் காரிலேயே ராமேஸ்வரம் அழைத்துப் போக நினைக்கிறோம். காரைக் காட்டிய சர்வீஸ் நிலையத்தில், டைமிங் பெல்ட்டும் அதோடு சேர்ந்தவையும் மாற்ற 16,500 ரூபாய் ஆகும் என்றார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், "61 ஆயிரம்தானே ஓடியிருக்கிறது, அறுவதற்கு முன் சத்தம் கொடுக்கும், அப்போது பார்க்கலாம். மனது கேட்காவிட்டால் பெல்ட்டை மட்டும் 5,000 ரூபாய்க்குள் மாற்றித் தருகிறேன்" என்கிறார். என் தம்பியோ, அப்பா 2018-லேயே பெல்ட்டை மாற்றிவிட்டார் என்று ஒரு பில்லைக் காட்டுகிறான். எதிர்வீட்டு ஸ்விஃப்ட் டீசல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியும் அவர்கள் பெல்ட்டைத் தொட்டதே இல்லையாம். பில்லின் படத்தையும், அப்பா கார் கணக்கு எழுதிவந்த நோட்டின் சில பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் கிளம்புவதற்கு முன் டைமிங் பெல்ட்டை, அதாவது என்ஜினின் மூடிக்குள் சுற்றும் ரப்பர் பட்டையை, மாற்றிவிடுங்கள். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியில் தாங்கும் உருளையான ஐட்லர், என்ஜினை ஆற்றும் நீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். அதுவரை கடைத்தெருவுக்குக்கூடக் காரை எடுக்க வேண்டாம். பட்டறை ஊருக்குள்ளேயே இருந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். வெளியூர் என்றால் வண்டியில் ஏற்றி அனுப்புவது நல்லது.

உங்கள் தம்பி காட்டும் பில்லிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளும் அதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. "பெல்ட் 1 – 780, கூலி 350" என்று மட்டும் அதில் எழுதியிருக்கிறது. எந்தப் பெல்ட் என்று எழுதவில்லை. ஆனால் கூலியே சொல்லிவிடுகிறது. உங்கள் காரில் டைமிங் பெல்ட்டை எட்ட வேண்டுமானால் முன் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அடியில் ஜாக் கொடுத்து என்ஜினைத் தாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் என்ஜினைப் பிடித்திருக்கும் மவுண்ட்டை அவிழ்க்க வேண்டும். என்ஜின் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லியை எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் மூடிகளை எடுக்க வேண்டும். கை தேர்ந்த மெக்கானிக்குக்கே அரை நாள் போய்விடும். 2018-லும் எவரும் அந்த வேலையை 350 ரூபாய்க்குச் செய்திருக்க மாட்டார்கள். அது வெளிப் பெல்ட். ஏசியையும், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் சுற்றும் அந்தப் பெல்ட்டைத்தான் நம் ஊரில் இன்னும் ஃபேன் பெல்ட் என்கிறோம். என்ஜினை ஆற்றும் விசிறிக்குத் தனி மோட்டார் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

எனக்கு இதை உறுதியாக்கியது உங்கள் அப்பாவின் நோட்டு. அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்து மனம் நெகிழ்ந்துபோனேன். ஒவ்வொரு முறை டீசல் போட்டதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர். பஞ்சர் ஒட்டிய 60 ரூபாய்க்கும் ஒரு வரி. பில்லில் உள்ள அதே தேதியில், "ஏசி பெல்ட் மாற்றியது, 1,130" என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. 780-யும் 350-யும் கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். பஞ்சர் காசை எழுதிய மனிதர் டைமிங் பெல்ட் மாற்றிய பெரிய செலவை எழுதாமல் விட்டிருக்க மாட்டார். நீங்கள் அனுப்பாத பக்கங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். அங்கும் இல்லையென்றால், காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பெல்ட்தான் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் மறைமலை நகரில் பூட்டிய பெல்ட். வயது பதினான்கு.

அந்தப் பெல்ட் செய்யும் வேலை இதுதான். என்ஜினின் அடியில் கிராங்க் ஷாஃப்ட், மேலே கேம் ஷாஃப்ட். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுவதால் சுற்றுவது முதலாவது, காற்று வரவும் புகை போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது இரண்டாவது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல் அளவு பிசகினாலும் என்ஜின் இழுவை குறையும், புகை கக்கும். இந்த இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. உங்கள் என்ஜினில் அதே பட்டை டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பையும் வாட்டர் பம்ப்பையும்கூடச் சுற்றுகிறது. ஃபோர்டும் பிரான்ஸின் பெஜோ, சிட்ரோயன் நிறுவனமும் கூட்டாகச் செய்த 1.4 லிட்டர் டீசல் என்ஜின் அது. நல்ல என்ஜின், சிக்கனமானது. ஆனால் அதன் உயிர் இந்தப் பட்டையில் தொங்குகிறது.

61,000 கிலோமீட்டர் என்பது குறைவாகத் தோன்றுகிறது அல்லவா? சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால், கிராங்க் இதுவரை ஏறக்குறைய 18 கோடி முறை சுற்றியிருக்கிறது. அத்தனை முறையும் அந்தப் பட்டை புல்லிகளின் மேல் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. அப்படி இருந்தும், 61,000 கிலோமீட்டர் மட்டும்தான் கணக்கு என்றால் உங்கள் தெரு மெக்கானிக்கின் பேச்சை நான் மறுக்க மாட்டேன். ஓட்டத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பெல்ட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

அவர் விட்டுவிட்டது ஆண்டுகளை. டைமிங் பெல்ட்டுக்கு எல்லாக் கார் நிறுவனங்களும் கிலோமீட்டரில் ஒரு வரம்பு சொல்கின்றன. பெரும்பாலானவை அதோடு ஆண்டிலும் ஒரு வரம்பு வைத்து, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. காருக்குக் கார் இது மாறும். 60,000 கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை லட்சம் வரை, ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டு வரை பார்த்திருக்கிறேன். பதினான்கு ஆண்டு வைத்திருக்கலாம் என்று சொன்ன புத்தகம் ஒன்றுகூட என் கையில் கிடைத்ததில்லை. உங்கள் காரின் கையேடு முன்பெட்டியில் இருந்தால் சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா போன்றவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ரப்பர் எதனால் கெடுகிறது? சூடு முதல் காரணம். என்ஜின் சூடேறுவதும் ஆறுவதும் ஒவ்வொரு பயணத்திலும் நடக்கிறது. அதற்கு மேல் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கொட்டகைத் தகரத்துக்கு அடியில் நிற்கும் காரின் முன்பகுதி எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரில் மெல்ல வெடிப்பு விழச் செய்யும். சீல் கசிந்து எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும். பட்டைக்குள் பலத்துக்காகக் கண்ணாடி நார்க் கயிறுகள் ஓடுகின்றன. பாரத்தைத் தாங்குவது அவைதான். நாள்கணக்கில் கார் நிற்கும்போது பெல்ட்டின் ஒரே இடம் சின்னப் புல்லியின் மேல் வளைந்தபடியே கிடக்கிறது. வீட்டில் ஒரு ரப்பர் வளையத்தை நோட்டைச் சுற்றிப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு நான்கு ஆண்டு கழித்து எடுத்துப் பாருங்கள். யாரும் அதை இழுத்திருக்க மாட்டார்கள், ஆனால் கை பட்டதும் துண்டாகும். டைமிங் பெல்ட்டின் ரப்பர் அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்பது உண்மை. முதுமை அதற்கும் வரும் என்பதும் உண்மை.

இப்போது அந்தச் சத்தம் பற்றி. உங்கள் மெக்கானிக் அண்ணன் மேல் எனக்குக் குறை ஏதுமில்லை. தேவையில்லாமல் செலவு வைக்கக் கூடாது என்று நினைப்பவர் நல்ல மனிதர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்டுவிடாதீர்கள். கீச்சென்று கத்துவது வெளிப் பெல்ட். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள என்ஜினில், செயின் பழசானால் காலையில் முதல் முறை கிளப்பும்போது கடகடக்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எந்தச் சத்தமும் கொடுக்காது. டென்ஷனரின் பேரிங் தேய்ந்தால் ஓர் இரைச்சல் வரலாம், வராமலும் போகலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல அப்படியே அணைந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பெல்ட் அறுந்து என்னிடம் வந்த எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது."

மேல் மூடியை மட்டும் கழற்றிப் பார்த்துச் சொல்லலாமே என்று யாராவது சொல்வார்கள். பார்க்கலாம். வெடிப்போ, பிரிந்த ஓரமோ, எண்ணெய் ஊறலோ தெரிந்தால் அந்த நிமிடமே முடிவு எடுத்துவிடலாம். ஆனால் ஒன்றும் தெரியாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே நார்க் கயிறு இற்றிருப்பது வெளியே தெரியாது. அறுந்துபோன பெல்ட்டின் மீதிப் பகுதி புதிதுபோல் மின்னியதைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அறுந்தால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களோடு அம்மா வருகிறார். டீசல் என்ஜின் காற்றைச் சுமார் 16 முதல் 18 மடங்குவரை நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. அவ்வளவு நசுக்க வேண்டுமென்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க முடியும். திறந்திருக்கும் வால்வுக்கு அங்கே இடமில்லை. பெல்ட் இருக்கும்வரை பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கிக்கொள்கிறது. பெல்ட் போனதும் கேம் நின்றுவிடும். எந்த நிலையில் நின்றாலும் சில வால்வுகள் திறந்தபடி நிற்கும். காரோ கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது, சக்கரம் கிராங்க்கைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன் போய் வால்வில் மோதும். வால்வு வளையும், வால்வை அழுத்தும் ராக்கர் உடையும், வால்வு நகரும் குழலான கைடு விரியும், விதி மோசமாக இருந்தால் பிஸ்டனே ஓட்டையாகும். இவை எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பிறகு என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறைக்கு அனுப்பி, வால்வு, கேஸ்கெட், ஹெட் போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்ட வேண்டும். உங்களிடம் இப்போது கேட்டிருக்கும் தொகையைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆன பில்களை நானே எழுதியிருக்கிறேன்.

பணத்தை விடுங்கள். நீங்கள் போகும் வழியை நினைத்துப் பார்க்கிறேன். தேவகோட்டை, ராமநாதபுரம், மண்டபம், அதற்குப் பிறகு பாம்பன் பாலம். கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், போக ஒரு வழி, வர ஒரு வழி. அமாவாசைக் கூட்டத்தில் பின்னால் பஸ்கள் வரிசை கட்டி வரும்போது அங்கே என்ஜின் அணைந்தால் ஒதுங்க இடமில்லை. இன்னொன்றும் உண்டு. பிரேக்குக்குக் கைகொடுக்கும் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் உங்கள் என்ஜினில் கேம் ஷாஃப்ட்டின் முனையில்தான் இருக்கிறது. கேம் நின்றால் அதுவும் நின்றுவிடும். சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும், பிறகு பிரேக் கல்லாகும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

எந்தக் காரிலாவது உங்களுக்கு அப்படி நேர்ந்தால் கிளட்ச்சை உடனே மிதியுங்கள், சக்கரம் என்ஜினைச் சுற்றுவது நிற்கும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து, இடப்பக்கம் ஒதுக்கி, நான்கு விளக்கையும் சிமிட்ட விடுங்கள். அதற்குப் பின் எக்காரணம் கொண்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். பெல்ட் அறுந்த என்ஜினில் செல்ஃப் அடித்தால் பாரமே இல்லாததுபோல விர்ரென்று வேகமாகச் சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். நான்கு வால்வோடு போயிருக்க வேண்டியதை எட்டு வால்வாக்குவது பெரும்பாலும் அந்த இரண்டாவது, மூன்றாவது முயற்சிதான்.

அடுத்து, பெல்ட் மட்டுமா, முழுத் தொகுப்பா? இதில் எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு துணிக்கடைக்காரர் தன் டீசல் காரை என்னிடம் விட்டார். பெல்ட்டும் டென்ஷனரும் மாற்றினேன். வாட்டர் பம்ப்பைக் கையால் சுற்றிப் பார்த்தேன், ஆட்டமில்லை, கசிவில்லை. அவருக்கு 2,200 ரூபாய் மிச்சமாகட்டும் என்று பழையதையே விட்டுவிட்டேன். ஏழு மாதம் கழித்துக் குடும்பத்தோடு பழனிக்குப் போகும்போது ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கார் நின்றுவிட்டது. பம்ப்பின் பேரிங் உடைந்து, புல்லி சாய்ந்து, நான் போட்ட புதுப் பெல்ட்டின் ஓரத்தைத் தின்றிருந்தது. "நீங்கள்தானே அண்ணே புதுப் பெல்ட் போட்டீர்கள்?" என்று போனில் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஹெட் வேலை முழுவதையும் கூலி வாங்காமல் செய்து கொடுத்தேன். ஆனாலும் இரவில் சாலையோரம் அவர் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நேரத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, பெல்ட் சுற்றும் பம்ப் உள்ள எந்தக் காரிலும் பம்ப்பை மாற்றாமல் என் பட்டறையில் மூடி பூட்டுவதில்லை. உங்கள் காரில் பம்ப் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பம்ப்பின் விலை கொஞ்சம். அதை எட்டுவதற்கான கூலியை எப்படியும் ஒருமுறை கொடுத்துவிடப் போகிறீர்கள்.

ஆகவே 16,500 ரூபாய்க்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், என்ஜினை ஆற்றும் திரவமான கூலன்ட் புதிதாக, கூலி, வரி இவ்வளவும் அதில் இருந்தால் ஏற்கத்தக்க தொகைதான். கிராங்க் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட்டும் புதிதாகப் போடுகிறார்களா என்று கேளுங்கள். இறுக்கும்போது நீண்டு பிடித்துக்கொள்ளும் வகை அது, மறுபடி பயன்படுத்துவது முறையல்ல. கேம், கிராங்க் சீல்களில் கசிவு தெரிந்தால் அதே கையோடு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுப் பெல்ட்டும் எண்ணெயில் ஊறும்.

இதைப் பெரிய சர்வீஸ் நிலையத்தில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் தெரு மெக்கானிக் அண்ணனே செய்யலாம், அவரிடம் இரண்டு கேள்விகளுக்குச் சரியான பதில் இருந்தால். கேம் புல்லியையும் கிராங்க்கையும் அசையாமல் பூட்டி வைக்கும் பின்கள் இந்த என்ஜினுக்கு உரியவை அவரிடம் இருக்கின்றனவா? வெள்ளை மையால் அடையாளம் வைத்துக்கொண்டு மாற்றிவிடுகிறேன் என்றால் வேண்டாம், பழைய பெட்ரோல் என்ஜின்களில் அப்படிச் செய்து தப்பித்தவர்கள் உண்டு, டீசலில் ஒரு பல் தவறினாலே தொல்லை. இரண்டாவது, பூட்டி முடித்தபின் செல்ஃப் அடிப்பதற்கு முன் கிராங்க்கைக் கையால் முழுச் சுற்றுகள் சுற்றிப் பார்ப்பாரா, குறைந்தது இரண்டு சுற்று? எங்காவது தட்டினால் கையில் தெரியும், நிறுத்திவிடலாம். சுற்றி முடித்தபின் அந்தப் பின்கள் திரும்பவும் தம் துளைகளில் தாமாக நுழைய வேண்டும். நுழைந்தால் வேலை சரி. இந்தக் கேள்விகளைக் கேட்டால் அவர் தவறாக நினைக்க மாட்டார். தொழில் தெரிந்தவருக்கு இப்படிக் கேட்பவரைப் பிடிக்கும்.

பாகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்ததும் பலர் பயந்துபோனார்கள். பாகம் கிடைக்கிறது, கவலை வேண்டாம். நிறுவனத்தின் பெட்டியிலும் கிடைக்கும், கேட்ஸ், காண்டினென்டல், டேகோ போன்ற பெல்ட் தயாரிப்பாளர்களின் தொகுப்பாகவும் கிடைக்கும். ஆனால் இந்த ஒரு பொருளைப் பில் இல்லாத கடையில் வாங்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் நல்லதாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்லலாம். கதவும் கண்ணாடியும் வாங்க அது நல்ல இடம், பெல்ட் வாங்க அல்ல. பெட்டியிலிருந்து எடுக்கும்போது புதுப் பெல்ட்டை மடக்கியோ முறுக்கியோ பார்க்கவும் விடாதீர்கள், உள்ளிருக்கும் கண்ணாடி நார் மடங்கினால் முறிந்துவிடும்.

எதிர்வீட்டு ஸ்விஃப்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் என்ஜின், அதில் டைமிங் பெல்ட்டே கிடையாது, எண்ணெயில் ஓடும் இரும்புச் செயின்தான். அதற்குக் குறித்த நாளில் மாற்ற வேண்டும் என்ற கணக்கு இல்லை. என்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அதுவும் நீளும். உங்கள் தெரு அண்ணனும் பெரும்பாலும் அந்த என்ஜின்களிலேயே பழகியிருப்பார், அதனால்தான் அவ்வளவு தைரியமாகப் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களும் தங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய மாருதி 800, சான்ட்ரோ ஜிங், 1.5 லிட்டர் டீசல் டஸ்டர் ஆகியவற்றில் பெல்ட். பழைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவிலும் பெல்ட், பின்னால் வந்த 2.4 லிட்டர் கிரிஸ்டாவில் செயின். பழைய இன்னோவாவில் பெல்ட் மாற்றும் நேரத்தைச் சொல்ல மீட்டரிலேயே ஒரு விளக்கு உண்டு. அந்த விளக்கு கிலோமீட்டரைத்தான் எண்ணும், ஆண்டுகளை எண்ணாது. குறைவாக ஓடும் இன்னோவா வைத்திருப்பவர்கள் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் காருக்குத் திரும்புகிறேன். பதினான்கு வயதுக் கார் நீண்ட பயணம் போகும்போது பெல்ட் ஒன்றுக்குத்தான் வயதாகியிருக்கும் என்று இல்லை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், கடைசி இரண்டும் அது செய்யப்பட்ட ஆண்டு. தரையில் படும் டயரின் பூ தேயாமல் நன்றாக இருந்தாலும் 11 என்றோ 14 என்றோ இருந்தால் அந்த டயரில் அம்மாவை ஏற்றாதீர்கள். பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். கொட்டகையில் நின்ற கார் என்பதால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். இந்த வாரமே தொகுப்பைச் சொல்லி வைத்துவிடுங்கள், பெட்டி கைக்கு வந்தபின் காரை விடுங்கள். திதிக்குப் பத்து நாளாவது இருக்கும்போது வேலை முடிந்துவிட வேண்டும். முடிந்ததும் தேவகோட்டை வரை ஒருமுறை போய் வாருங்கள். மறுநாள் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவு இறங்கியிருக்கிறதா, கார் நின்ற இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பம்ப் கசிவதானால் அந்த முதல் சில நாளில் காட்டிக்கொடுத்துவிடும். ஏதோ ஒரு காரணத்தால் திதிக்குள் வேலை முடியாமல் போனால், தயவுசெய்து ரயிலில் போங்கள், அல்லது வாடகைக் கார் எடுங்கள். அப்பாவின் காரில் அம்மாவை அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. தை அமாவாசைக்கும் அதே காரில் போகலாம்.

கழற்றிய பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் பம்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றியதற்கு அதுவே சாட்சி. பில்லில் வெறுமனே பெல்ட் என்று எழுத விடாமல் "டைமிங் பெல்ட்" என்று எழுதச் சொல்லுங்கள். 2018 பில்லால் உங்கள் வீட்டில் வந்த குழப்பம் இனி வரக் கூடாது. அடுத்ததை எப்போது மாற்றுவது என்று கேட்பீர்கள். கையேடு சொல்லும் காலம்தான் எல்லை. ஆனால் நம் ஊர்ச் சூட்டில், இப்படி நின்று நின்று ஓடும் காரை என் பட்டறையில் எட்டு ஆண்டைத் தாண்ட நான் விடுவதில்லை.

கடைசியாக அந்த நோட்டு. அப்பா எழுதிய கடைசி வரிக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருப்பதைப் படத்தில் பார்த்தேன். காரை எடுத்து வரும் அன்று அங்கே உங்கள் கையால் எழுதுங்கள்: தேதி, கிலோமீட்டர், டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கொடுத்த தொகை.